பக்கத்து மரத்தில் தொங்கிய சப்போட்டாக் கன்றுகள்

1. ஏணி மேல் நின்ற காலை

ஜேசிபி சத்தம் கேட்டபோது நான் ஏணி மேல் நின்று, சப்போட்டா மரத்தில் தொங்கிய பைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் பிளாஸ்டிக் மக். இன்னொரு கையால் கிளையைப் பிடித்திருந்தேன். கிருமாம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு ஜேசிபி வருவது ஒன்றும் அதிசயம் இல்லை. தினமும் எங்கேயாவது ஒரு வயல் மனையாகிக்கொண்டுதான் இருக்கிறது. யார் வீட்டுக்கோ போகிறது என்று நினைத்தேன். அது நேராக வந்து நான் நின்ற மரத்தின் அடியில் நின்றது.

வீட்டுத் தோட்டத்தில் பழக்கன்று நர்சரி வைக்க ஆசைப்படும் பெண்கள் எனக்குப் போன் போடுகிறார்கள். என்ன மண் கலவை, எந்தப் பூச்சிக்கு என்ன மருந்து, நிழல்வலை எத்தனை சதவீதம் என்று கேட்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். மரம் யாருடையது என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மரத்தில் பை ஏன் தொங்கியது என்று சொல்லிவிடுகிறேன். சப்போட்டாவை விதை போட்டு வளர்த்தால் காய்க்க வருஷக்கணக்காகும். காய்க்கிற காய் எப்படி இருக்கும் என்பதும் சாமிக்குத்தான் வெளிச்சம். அதனால் ஒட்டுக் கட்டுகிறோம். வேருக்குப் பாலைக் கன்று. பாலை முரட்டு மரம், எந்த மண்ணிலும் நிற்கும். மேலே பழத்துக்கு, நன்றாகக் காய்க்கிற சப்போட்டா மரத்தின் கிளை. பாலைக் கன்றைப் பையோடு தூக்கிக்கொண்டு போய் அந்த மரத்தின் கிளைக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும். கன்றின் தண்டில் ஒரு சீவல், கிளையில் அதே அளவுக்கு ஒரு சீவல். பால் வடியும், துடைத்துவிட வேண்டும். இரண்டு வெட்டு முகத்தையும் ஒட்டி வைத்து நாடாவால் இறுக்கிக் கட்டிவிட்டால், மெல்ல மெல்ல இரண்டும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். அதுவரைக்கும் கிளையை வெட்டக் கூடாது. கிளை தாய் மரத்தில்தான் இருக்கும், பை அதற்குப் பக்கத்தில் தொங்கும், நாம் ஏணி ஏறித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்து, "இன்னாடி மல்லிகா, மரத்துக்குக் கம்மல் மாட்டி வுட்டிருக்கிற?" என்று கேலி செய்துவிட்டுப் போவார்கள்.

சீவுவது நான். கட்டுவது என் வீட்டுக்காரர். அவர் மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். காயில் சுற்றிப் பழகிய கை. நாடாவை அவர் சுற்றினால் ஓர் இடத்தில்கூடச் சுருக்கம் இருக்காது. கல்யாணத்துக்கு முன் அந்தக் கையைப் பற்றி யாராவது சொல்லியிருந்தால் நான் அவ்வளவு பிகு பண்ணியிருக்க மாட்டேன்.

மரம் எங்களுடையது இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம், ரத்தினம் மாமாவின் மனையில் நின்றது. கிளையில் பாதி எங்கள் பக்கம் சாய்ந்திருந்தது. அந்த மாமா ஒருநாளும் எதுவும் சொன்னதில்லை. வருஷா வருஷம் சவுக்குக் கம்பு நட்டுச் சாரம் கட்டி, அவருடைய மரத்தில் என் பைகளைத் தொங்கவிடுவேன். பதிலுக்கு அவர் கேட்கிற கன்றைக் கொடுப்பேன். பிறகு அவர் மனையை விற்றுவிட்டு வில்லியனூரில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். வாங்கியவர் யாரோ டவுன்காரர் என்றார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். தை பிறந்ததும் வழக்கம்போலப் பைகளைக் கட்டிவிட்டேன்.

அந்த வருஷம் வழக்கத்தைவிட நிறையக் கட்டியிருந்தேன். அதுவரை நான் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் நின்றுகொண்டிருந்தவள். நின்றுகொண்டிருந்தவள் என்றால் நிஜமாகவே நின்றுகொண்டுதான். ஷிப்ட் முடிந்து வரும்போது கால் இரண்டும் வீங்கிப்போயிருக்கும். நர்சரி அப்போதெல்லாம் மீதி நேரத்து வேலை. அந்த வருஷம்தான் துணிந்து கம்பெனியை விட்டேன். பாகூர்ப் பக்கம் பலராமன் என்ற விவசாயி கரும்பை எடுத்துவிட்டுச் சப்போட்டா வைப்பதாகச் சொல்லி, என்னை நம்பிக் குழி எடுத்து ஆறவிட்டிருந்தார். வேறு ஆர்டர்களும் சப்போட்டாவுக்குத்தான். கொய்யாப் பதியம், எலுமிச்சை, சீத்தா எல்லாம் சில்லறை வியாபாரம். அந்த மரத்தில் தொங்கியவை போனால் நான் மறுபடியும் கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். இந்த நினைப்போடுதான் அன்றைக்கு ஏணியிலிருந்து இறங்கினேன். இறங்கினேன் என்றா சொன்னேன், குதித்தேன்.

ஜேசிபிக்குப் பின்னால் ஒரு கார் வந்து நின்றது. சட்டையை உள்ளே விட்டிருந்த ஒருவர் இறங்கினார்.

"யாரைக் கேட்டு மரத்தை வெட்ட வந்தீங்க?" என்றேன். குரல் தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

"யாரைம்மா கேக்கணும்? பத்திரம் என் பேர்ல இருக்கு. காம்பவுண்டு சுவர் போடப் போறோம். மரம் சரியா லைன்ல நிக்குது."

"பத்திரம் இருந்தா? காய்க்கிற மரத்தை இப்படிக் காலங்காத்தால வந்து சாய்ச்சிடுவீங்களா? மனசாட்சி வேணாமா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை, மேலே தொங்கிய பைகளைப் பார்த்தார். "இதெல்லாம் உங்களுதா? சரி, அரை மணி நேரம் டைம் தர்றேன். அவுத்து எடுத்துக்குங்க."

அவுத்து எடுத்துக்கொள்ள அது என்ன கொடியில் காய்கிற புடவையா? எனக்கு வந்த கோபத்தில் என்னென்ன பேசினேன் என்று சரியாக ஞாபகம் இல்லை. டவுனில் இருந்து வருகிறவர்களுக்குப் பச்சை என்றால் பெயின்ட் மட்டும்தான் தெரியும் என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. அவர் முகம் இறுகிப்போய் டிரைவரைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

2. டிரைவர் இறங்கிவிட்டார்

ஜேசிபி டிரைவர் பேர் ஏழுமலை. சின்ன வயசுதான். அவர் வண்டியை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி, மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிஞ்சும் காயுமாக இருந்த ஒரு கிளையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு மனைக்காரரிடம் வந்தார்.

"சார், மரத்த மட்டும் வுட்டுடறேன். புதரு, மேடு எல்லாம் அடிச்சுத் தந்துடறேன்."

"ஏம்பா? வண்டிக்கு இன்னா?"

"வண்டிக்கு ஒண்ணியும் இல்ல சார். எங்க வூட்டுல முழுகாம இருக்குது. புள்ளத்தாச்சி இருக்கிற வூட்டு ஆம்பள காய்க்கிற மரத்த சாய்க்கக் கூடாது. எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா எனக்குச் சோறே போடாது."

"புள்ளை உன் பொண்டாட்டி வயித்துல இருக்கு. மரம் என் மனையில இருக்கு. ரெண்டுக்கும் இன்னாப்பா சம்பந்தம்?"

"அது எனக்குத் தெரியாது சார். புள்ள பொறக்கட்டும். அப்புறம் கூப்புடுங்க, வேரோட தோண்டித் தர்றேன்."

மனைக்காரர் கூடுதல் காசு தருகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். ஏழுமலை அசையவில்லை. "காசு வேணாம் சார், மொதப் புள்ள" என்றார். எங்கள் பக்கத்தில் இந்த வழக்கம் இன்னும் இருக்கிறது. வீட்டில் மாசமாக ஒரு பெண் இருந்தால் புருஷன்காரன் மரம் வெட்ட மாட்டான். நான் இதையெல்லாம் பெரிதாக நம்புகிற ஆள் இல்லை. ஆனால் அந்த ஒரு நாளைக்கு முழுசாக நம்பினேன். உள்ளே ஓடிப்போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து ஏழுமலையிடம் கொடுத்தேன். மனைக்காரருக்குக் கொடுக்கவில்லை. அதை அவர் பார்த்துக்கொண்டேதான் நின்றார்.

"நாளைக்கு வேற வண்டி வரும். வேற டிரைவர் வருவான்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

3. பிரித்த ஒட்டு

சாயங்காலம் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "இப்பவே வெட்டி எடுத்துட்டா?" என்றார்.

எனக்கும் அந்த யோசனை இருந்தது. ஒருவேளை பிடித்திருக்குமோ என்ற நப்பாசைதான். ஏணி ஏறி, பார்வைக்கு நன்றாகத் தேறியிருந்த ஓர் ஒட்டின் நாடாவைப் பிரித்தேன். இரண்டு தண்டையும் கொஞ்சம் விலக்கினேன். கையோடு தனித்தனியாக வந்துவிட்டன. வெட்டு முகத்தின் ஓரத்தில் மட்டும் மெல்லிசாகத் தழும்பு கட்டத் தொடங்கியிருந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை, வழவழவென்று ஈரம்தான். அப்போது பங்குனி. சித்திரை பிறக்காமல் எதுவும் ஆகாது என்று தெரிந்துபோயிற்று. அந்தக் கிளையை மரத்திலிருந்து வெட்டிக்கொண்டு, பையோடு இறங்கி வந்து ஏணியின் அடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மறுபடி அந்தக் கம்பெனித் தொப்பியை மாட்டிக்கொண்டு நிற்பதை நினைத்தாலே கால் வலித்தது.

"அந்த ஆளுகிட்ட கேட்டியா?" என்றார் வீட்டுக்காரர்.

"இன்னாத்த கேக்கறது? அதான் வெட்டுவேன்னு சொல்லிட்டாரே."

"நீ சண்டை போட்டிருக்கிற. கேக்கல. கடைக்கு வர்றானுங்க பாரு, மோட்டார் எரிஞ்சுபோச்சு, பயிர் காயுதுன்னு கத்திக்கினே வருவானுங்க. எந்த மோட்டாரு, எப்போ வேணும்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான். நானே வாயைப் புடுங்கித்தான் கேக்கணும். நீயும் அதைத்தான் பண்ணிட்டு வந்திருக்கிற."

எனக்கு ரோஷம் வந்தது. இவர் யார் பக்கம் என்று கேட்டேன். "நான் கன்னு பக்கம்" என்றார். அதற்கு மேல் சண்டை போட முடியவில்லை.

மறுநாள் காலையில் இன்னொரு ஜேசிபி வந்தது. பின்னாலேயே மனைக்காரரின் காரும், கொத்தனாரின் பைக்கும் வந்தன. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்காமல் முன்னாடியே தெருவுக்குப் போய்விட்டேன். கையில் முந்தின நாள் பிரித்த அந்த ஒட்டு. ஒரு கையில் பாலைக் கன்று, பையோடு. இன்னொரு கையில் அதிலிருந்து பிரிந்த சப்போட்டாக் குச்சி, இலையெல்லாம் வாடிப்போய்.

அவர் காரை விட்டு இறங்கும்போதே என் வாயைப் பார்த்தார். இன்றைக்கு என்ன திட்டப்போகிறாளோ என்று நினைத்திருப்பார்.

"சார், நேத்துப் பேசினது தப்புதான். கோவத்துல பேசிட்டேன். இதை ஒரு தடவை பாருங்க, அப்புறம் உங்க இஷ்டம்" என்று சொல்லி இரண்டையும் ஒன்றாக வைத்துக் காட்டினேன். "இதுவும் இதுவும் ஒண்ணாப் புடிக்கணும். புடிச்சப்புறம்தான் மரத்துலேர்ந்து வெட்டணும். அதுவரைக்கும் இந்தக் குச்சிக்குச் சாப்பாடு மரத்துலேர்ந்துதான் வருது. நேத்து இது நல்லாத்தான் இருந்தது. பிரிச்சு மரத்துலேர்ந்து வெட்டினேன், ஒரே ராத்திரியில இப்படி ஆயிடுச்சு. மேல தொங்கறது அத்தனையும் இப்படித்தான் சார் ஆவும்."

அவர் வாடிய குச்சியை வாங்கிப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். வேலியோரமாக நடந்து, கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்த ஒரு ஒட்டின் நாடாவை விரலால் தொட்டார்.

"சும்மா நிழலுக்குத் தொங்கவிட்டிருக்கீங்கன்னு நெனச்சேன். இது மரத்தோட சேர்ந்திருக்கா?"

"ஆமா சார்."

"இதை ஏன் நேத்து சொல்லல?"

பெயின்ட் பற்றிப் பேசிய நேரத்தில் இதைச் சொல்லியிருக்கலாம்தான்.

"எத்தனை நாள் வேணும்?" என்றார்.

எனக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது. விட்டால் வைகாசி முடிகிற வரைக்கும் என்று சொல்லியிருப்பேன். ஆனால் அவர் அப்படிக் கேட்டபிறகு கூட்டிச் சொல்ல வாய் வரவில்லை. "சித்திரையில பாதி போனா போதும் சார்" என்றேன்.

அவர் கொத்தனாரைத் திரும்பிப் பார்த்தார். கொத்தனார் பல் குத்திக்கொண்டே, "நாலு பக்கம் சுவர் போடணும். எந்தப் பக்கம் மொதல்ல ஆரம்பிச்சா இன்னா சார்? இந்தப் பக்கத்தக் கடைசியா வெச்சுக்கலாம்" என்றார்.

"சரி. ஆனா அதுக்கு மேல ஒரு நாள்கூடக் கெடையாது. மரம் எனக்கு லைன்ல நிக்குது, அது போயித்தான் ஆகணும்."

தலையை ஆட்டினேன். ஆட்டிக்கொண்டே இருந்தேன். வீட்டுக்குள் ஓடினேன். ஒரு சொம்பு மோர் அவருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார்.

4. அரை வெட்டும் முழு வெட்டும்

அதற்குப் பிறகு வந்த நாட்களில் எங்கள் வேலையைவிட மனைக்காரரின் கவலைதான் எனக்குப் பெரிய தொல்லையாகிவிட்டது. சுவர் வேலையைப் பார்க்க வரும்போதெல்லாம் நேரே மரத்தடிக்கு வந்துவிடுவார். "புடிச்சுதாம்மா? இது கொஞ்சம் வாட்டமா இருக்கே? தண்ணி பத்தலையோ?" என்பார். ஒருநாள் கோடை மழையோடு காற்று அடித்து சாரத்தில் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. சவுக்குக் கம்பை நிமிர்த்திக் கட்ட கொத்தனாரின் ஆட்களை அவரே அனுப்பிவைத்தார். அவருக்கு இனிமேல் நிம்மதியாகத் தூக்கம் வரவேண்டுமென்றால் கன்றுகள் பிடித்தாக வேண்டும் என்ற நிலைமை. என்னைப் போலவே ஆகிவிட்டார், பாவம்.

சித்திரை பிறந்ததும் அரை வெட்டுப் போட்டேன். இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பிடித்துவிட்டது என்று ஒரேயடியாக வெட்டக் கூடாது. கட்டுக்குக் கீழே சப்போட்டாக் கிளையில் பாதி தடிமனுக்கு மட்டும் ஒரு வெட்டு. பாதிச் சாப்பாடு மரத்திலிருந்து வரும், மீதிக்கு அது பாலைக் கன்றின் வேரைத் தேடியாக வேண்டும். அப்படிச் சில நாள் பழகவிட வேண்டும். இலை தொங்காமல் நின்றால்தான் முழு வெட்டு. கட்டுக்கு மேலே பாலைக் கன்றின் தலையையும் அப்போது நறுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பாலை ஓங்கி வளர்ந்து, சப்போட்டாவை அமுக்கிவிடும். வாங்கிப் போனவர் நாலு வருஷம் கழித்து வந்து உங்கள் வாசலில் சண்டை போடுவார்.

முழு வெட்டு நாளன்று விடியும்போதே ஆரம்பித்தோம். நான் வெட்டிக் கொடுக்க, வீட்டுக்காரர் கீழே நின்று ஒவ்வொன்றாக வாங்கி நிழல்வலைக்குக் கீழே கொண்டுபோய் அடுக்கினார். மரத்தில் ஒன்றுகூட மிச்சம் இல்லை. மரம் ரொம்ப நாளைக்குப் பிறகு வெறும் மரமாக நின்றது. மத்தியானம் வெயில் ஏறியதும் போய்ப் பார்த்தேன். எல்லாக் கன்றும் இலையைத் தொங்கப் போட்டிருந்தன. எல்லாமும்தான். தண்ணீரைத் தெளித்தேன், ஈரச் சாக்கைச் சுற்றிலும் கட்டினேன். அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை. பலராமன் அன்றைக்கென்று பார்த்துப் போன் போட்டு, "இன்னாம்மா, கன்னு ஆச்சா? குழி காயுது" என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் நிழல்வலைக்குள் போகவே பயமாக இருந்தது. வீட்டுக்காரரை முன்னால் போகச் சொன்னேன். அவர் உள்ளே போனார். "இன்னாங்க?" என்றேன். "வந்து பாரு" என்றார். அந்த மனுஷனுக்கு நல்ல சேதியைக்கூட நல்ல சேதி மாதிரிச் சொல்லத் தெரியாது. உள்ளே போனால் இலைகள் நிமிர்ந்திருந்தன. ஓரத்தில் வெயில் பட்ட சில மட்டும் போய்விட்டன. மற்றதெல்லாம் நின்றுவிட்டன. நான் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. பெற்ற பிள்ளை பாஸாகி வந்தபோதுகூட இவ்வளவு இல்லை, அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.

பலராமன் தன்னுடையதை ஏற்றிக்கொண்டு போனார். மற்ற ஆர்டர்களும் போயின. மனைக்காரர் சொன்ன சொல் தவறாமல் சித்திரையின் இரண்டாவது பாதியில் ஜேசிபியை வரவழைத்தார். டிரைவர் ஏழுமலை இல்லை, அவர் வீட்டில் இன்னும் பிரசவம் ஆகவில்லை. மரம் சாய்ந்தபோது நான் வெளியே வரவில்லை. வருத்தம் இருந்தது. ஆனால் அந்த மரம் தன்னில் இருந்ததையெல்லாம் எங்களிடம் கொடுத்துவிட்டுத்தான் போயிற்று. நல்லதாகப் பார்த்து இரண்டு ஒட்டுகளை விற்காமல் எங்கள் தோட்டத்திலேயே நட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் கம்பெனி வாசலுக்குப் போகவில்லை.

புதிதாக நர்சரி ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தாய் மரம் உங்கள் வேலிக்குள் இருக்கட்டும். இல்லையென்றால், முதல் பையைக் கட்டுவதற்கு முன்னால் மரத்துக்காரரின் கதவைத் தட்டுங்கள். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டு கேட்காமலே கட்டுவது நம் தொழிலில் நிறையப் பேருக்குப் பழக்கம். எதிராளி மோசமானவர் என்று நாமே முடிவு கட்டிக்கொண்டு சண்டைக்குப் போகிறோம். அவருக்கு நம் தொழில் தெரியாது, அவ்வளவுதான். போகும்போது கையில் ஒரு ஒட்டை எடுத்துக்கொண்டு போங்கள். நம் பேச்சு கோணலாகப் போனாலும் கன்று நேராகப் பேசிவிடும்.

நான் நட்டவை இரண்டும் இப்போது கிளை விரித்துக் காய்க்கின்றன. போன தை மாசம் சாந்தி வந்திருந்தாள். பேக்கிங் செக்‌ஷனில் எனக்குப் பக்கத்தில் நின்றவள். கம்பெனியை விட்டுவிட்டதாகச் சொன்னாள். பாலைக் கன்றுகள் வளர்த்து வைத்திருக்கிறாளாம், கட்டுவதற்கு மரம் இல்லையாம். வாசலிலேயே நின்றுகொண்டு, உள்ளே வரக் கூச்சப்பட்டு, "யக்கா, உன் மரத்துல கொஞ்சம் பை கட்டிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"கட்டிக்கோடி" என்றேன். "நீ வெட்டி எடுக்கிற வரைக்கும் மரம் எங்கியும் போவாது."